டாக்டர் படிப்பும் மனிதப் படிப்பும்

(கிணத்துக்கடவில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். வைத்தியக் கல்லூரியில் படிக்கிற மாணவர்கள் வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒன்றாகக் கூடி உட்கார்ந்து, மருந்தைப் பற்றியும் கத்தியைப் பற்றியும் அல்லாமல், மனிதனைப் பற்றிப் பேச வேண்டும்; சரித்திரம், கதை, நாடகம், சாதி, ஆண் பெண் நிலைமை, சாவு, வறுமை ஆகியவைகளைப் பற்றி ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுத் தர்க்கம் செய்ய வேண்டும் என்பதுதான் நம்முடைய விஷயம்.

"நீர் கல்லூரி வாசலை மிதித்தவரல்லவே, வைத்தியப் படிப்புக்கும் உமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று யாராவது கேட்கலாம். சம்பந்தம் உண்டு. வைத்தியம் செய்கிறவர்கள் அவர்கள், செய்துகொள்ளுகிறவர்கள் நாம். சமைக்கத் தெரியாதவனுக்கும் உப்புக் கரித்தால் தெரியும் அல்லவா?

"அப்படியானால் இதைக் கல்லூரியில் போய்ப் பேசுவதுதானே, கிணத்துக்கடவிலே ஏன் பேச வேண்டும்?" என்று அடுத்த கேள்வி வரலாம். அதற்கும் காரணம் உண்டு. முன்பெல்லாம் டாக்டர் படிப்பு என்றால் பட்டணத்துப் பெரிய மனிதர் வீட்டுச் சங்கதி. கோயம்புத்தூரிலே சர்க்கார் மருத்துவக் கல்லூரி வந்ததே 1966-ல்தான். பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி வந்தது 1985-ல். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவிகித இடம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2020-ல். அந்தச் சட்டத்திற்குப் பிறகு, தக்காளிக் கூடை சுமக்கிறவர் வீட்டுப் பெண்ணும், தென்னந்தோப்பில் கூலி வேலை செய்கிறவர் வீட்டுப் பையனும் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகிறார்கள். இது நமக்குப் பெருமை தரும் காரியம். ஆனால் அந்தப் பிள்ளை லீவுக்கு வரும்போது, "கதை, நாடகம், பேச்சு என்று திரியாதே, பாடத்தை மட்டும் பார்" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் யார்? நாம்தானே! ஆகையால் இந்தப் பேச்சை முதலில் கேட்க வேண்டியவர்கள் தாய் தகப்பன்மார்களாகிய நீங்கள்தான்.

மோட்டாரும் மனிதனும்

தோழர்களே! நம் ஊர்ப்பக்கம் பம்புசெட்டு மோட்டாருக்குப் பேர்போனது. கிணற்று மோட்டார் ஓடவில்லையென்றால் மெக்கானிக் வருகிறார். கழற்றுகிறார், காயில் எரிந்து போனதா, பேரிங் தேய்ந்ததா என்று பார்க்கிறார், சரிசெய்கிறார், கூலி வாங்கிக்கொண்டு போகிறார். அவர் மோட்டாரோடு பேச வேண்டியதில்லை. மோட்டாருக்கு வெட்கம் கிடையாது, மாமியார் கிடையாது, வட்டிக்கடன் கிடையாது, சாவைப் பற்றிய பயம் கிடையாது, "சொன்னால் ஊர் சிரிக்குமே" என்று மறைக்கத் தெரியாது.

மனிதன் அப்படியா? ஒரு அம்மாளுக்கு மாரிலே கட்டி வருகிறது. ஆண் டாக்டரிடம் காட்ட வெட்கப்பட்டு எட்டு மாதம் மறைத்து வைக்கிறாள். ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. மருந்தை நிறுத்திவிடுகிறார். ஏனென்றால் அந்த மாதம் மகளுக்குச் சீர் செய்ய வேண்டியிருந்தது. இதெல்லாம் எந்த எக்ஸ்ரே படத்தில் தெரியும்? எந்த இரத்தப் பரிசோதனையில் தெரியும்? கேட்டால்தான் தெரியும். கேட்கத் தெரிந்தவன் கேட்டால்தான் தெரியும். ஐந்தரை வருஷம் டாக்டர் படிப்பில் எலும்பு, நரம்பு, மருந்து ஆகிய எல்லாவற்றின் பேரும் மனப்பாடமாகிறது. ஆனால் கேட்கத் தெரிவது எந்தப் பரீட்சையில் வருகிறது?

இன்னொன்றும் சொல்லுகிறோம். நம் ஊரில் குழந்தை பால் குடிக்காமல் வாந்தி எடுத்தால், "தொக்கம் விழுந்துருச்சுங்க" என்று சொல்லித் தொக்கம் எடுக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர் ஊதியோ உறிஞ்சியோ எதையோ எடுத்துக் காட்டுகிறார். குழந்தை உடம்பில் நீர் வற்றிக் கண் சொருகின பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். பட்டணத்து டாக்டருக்குத் தொக்கம் என்ற வார்த்தையே தெரியாது. "என்னம்மா உளறுகிறாய்?" என்கிறார். தாயார் அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. இரண்டு நாள் வீணாய்ப் போன சங்கதி டாக்டருக்குத் தெரியாமலே போகிறது. நம் ஊரிலிருந்து போன பிள்ளைக்கோ அந்த வார்த்தை தெரியும். ஆனால் சொன்னால் பட்டிக்காடு என்று சிரிப்பார்களே என்று மறைத்துக்கொள்ளுகிறது! தெரியாதவன் கேட்பதில்லை, தெரிந்தவன் சொல்லுவதில்லை. இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினாலல்லவா, அந்தச் சிறு வார்த்தை ஒரு குழந்தையின் உயிரைக் காப்பாற்றும்?

கேலியும் கும்பிடும்

கோயம்புத்தூரிலே பிளேக் மாரியம்மன் கோயில் இருப்பது உங்களுக்குத் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் துவக்கத்தில் பிளேக் வந்து ஜனங்கள் செத்தபோது உண்டான அம்மன் அது. பிளேக் நோய்க் கிருமியை 1894-ல் ஹாங்காங்கிலே எர்சின் என்பவர் கண்டுபிடித்தார். எலி மேல் இருக்கிற தெள்ளுப்பூச்சிதான் அதைப் பரப்புகிறது என்று 1898-ல் சைமன் என்பவர் காட்டினார். அதாவது, நம் ஊருக்குப் பிளேக் வருவதற்கு முன்பே அதன் காரணம் தெரிந்துவிட்டது. யாருக்குத் தெரிந்தது? படித்தவனுக்கு. அது நம் பாட்டன் பாட்டிக்குப் புரிகிற பேச்சில் வந்து சேருவதற்கு முன்னால் அம்மன் வந்து சேர்ந்துவிட்டாள்!

சரி, அது பழைய காலம் என்று விட்டுவிடலாமா? 2021-ல் கொரோனா வந்தபோது நம் கோவைக்குப் பக்கத்து இருகூரிலே ஒரு மடத்தில் "கொரோனா தேவி" என்று சிலை வைத்து 48 நாள் பூசை போட்டார்கள். கிருமியின் படம் எல்லார் கைப்பேசியிலும் இருந்தது. ஊசி மருந்தும் வந்துவிட்டது. அம்மனும் வந்துவிட்டாள்!

இந்த இடத்தில் டாக்டர் என்ன செய்ய வேண்டும்? கேலி செய்யும் டாக்டர் இருக்கிறார். அவரிடம் ஜனங்கள் போவதை நிறுத்திவிடுவார்கள். தாமே போய்க் கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு வரும் டாக்டரும் இருக்கிறார். அவர் படித்த படிப்பையே ஜனங்கள் நம்பாமல் போய்விடுவார்கள். கேலியும் வேண்டாம், கும்பிடும் வேண்டாம். "ஏனுங்கம்மா, ஊசி போட்டுக்க ஏன் பயப்படறீங்க? யாருக்கு என்ன ஆச்சு? யார் சொன்னாங்க?" என்று உட்கார்ந்து கேட்டு, பதில் சொல்லி, ஊசி போட்டு அனுப்புகிற டாக்டர்தான் நமக்கு வேண்டும். பயத்தின் மூலகாரணம் தெரியாமல் மூடநம்பிக்கையை ஒழிக்க முடியாது. வியாதியின் காரணத்தைத் தேடப் பழகுகிறவன் பயத்தின் காரணத்தையும் தேடப் பழக வேண்டாமா?

புத்தகத்தில் இருப்பதெல்லாம் விஞ்ஞானமா?

"டாக்டர் விஞ்ஞானம் படிக்கிறார், அவருக்குச் சாதி, மதம், ஆண் பெண் வித்தியாசம் எல்லாம் தானாகவே போய்விடும்" என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிப் போய்விட்டால் நமக்கு இந்தப் பேச்சே வேண்டியதில்லை. நடப்பதைப் பாருங்கள்.

பலாத்காரத்துக்கு ஆளான ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தால், அவள் முன்பே ஆண் சகவாசம் உள்ளவளா என்று விரலை விட்டுப் பார்க்கிற ஒரு "பரிசோதனை"யை நம் நாட்டு டாக்டர்கள் வெகுகாலம் செய்துவந்தார்கள். அதைப் புத்தகத்தில் வைத்துச் சொல்லியும் கொடுத்தார்கள். அதற்கு விஞ்ஞான ஆதாரம் ஏதும் கிடையாது. அது பெண்ணை இரண்டாந்தரம் இம்சிப்பதுதான் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022 அக்டோபர் 31-ந் தேதி கண்டித்து, வைத்தியப் பாடத்திட்டத்தையே திருத்தும்படி உத்தரவு போட்டது. தோழர்களே! எத்தனை ஆயிரம் மாணவர்கள் அந்தப் பாடத்தைப் படித்திருப்பார்கள்? "ஐயா, இது எதற்கு? இதனால் எந்த நோய் தெரிகிறது?" என்று வகுப்பில் கேட்க எத்தனை பேருக்குத் தைரியம் வந்திருக்கும்? கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் கோர்ட்டு வரைக்கும் போக வேண்டியிருந்திருக்குமா?

கோர்ட்டு சொன்ன பிறகாவது திருந்தினார்களா என்றால், 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்ட வழிகாட்டியில், சட்டப்படி குற்றமல்ல என்று 2018-லேயே தீர்ப்பான ஒருபால் உறவைத் திரும்பவும் குற்றப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கன்னித்தன்மைப் பாடத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் செப்டம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு வெளியிட்டார்கள். ஆகவே, பாடப் புத்தகத்திலும் விஞ்ஞானத்தின் வேஷம் போட்டுக்கொண்டு பழைய வழக்கங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. கல்லையும் அரிசியையும் பிரித்தெடுக்க முறம் வேண்டும். அந்த முறம்தான் நாம் சொல்லுகிற பேச்சுக் கூட்டம்.

சாதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? 2019-ல் மும்பையில், பழங்குடி வகுப்பிலிருந்து மேல்படிப்புக்கு வந்த ஒரு இளம் பெண் டாக்டர் தற்கொலை செய்துகொண்டார். கூடப் படித்த மூத்த பெண் டாக்டர்கள் மூன்று பேர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று வழக்குப் பதிவாயிற்று. வழக்கு முடிவு கோர்ட்டுக்கு உட்பட்டது. நாம் கேட்பது, அத்தனை பேர் படிக்கிற இடத்தில் அந்தப் பெண் தன் துக்கத்தைச் சொல்லி நியாயம் கேட்க ஒரு இடம், ஒரு கூட்டம், ஒரு மணி நேரம் இல்லாமல் போனதேன் என்பதுதான்.

சபதம் போதுமா?

"டாக்டர்கள் சபதம் எடுத்துக்கொள்ளுகிறார்களே, அது போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். சபதத்தின் சங்கதியைப் பாருங்கள்.

2022 ஏப்ரல் 30-ந் தேதி மதுரை மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷ மாணவர்கள் வெள்ளைக் கோட்டு அணிகிற விழாவில், வழக்கமான ஹிப்போகிரட்டீஸ் சபதத்துக்குப் பதிலாக "மகரிஷி சரக சபதம்" எடுத்துக்கொண்டார்கள். பெரிய ரகளையாயிற்று. கல்லூரித் தலைவரை மாற்றிக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். சில நாளில் திரும்ப அதே பதவியில் அமர்த்தினார்கள். ஆணையம் அந்தச் சபதத்தைத் திருத்தித்தான் சிபாரிசு செய்திருந்தது. மூலமான சரக சம்ஹிதையில் இருப்பது என்ன தெரியுமா? பசுவுக்கும் பிராமணருக்கும் முதலில் நன்மை கோர வேண்டும். அரசன் வெறுக்கிறவனுக்கு வைத்தியம் செய்யக்கூடாது. புருஷனோ காவலனோ பக்கத்தில் இல்லாத பெண்ணுக்கு வைத்தியம் செய்யக்கூடாது! இது ஒரு காலத்து மனிதன் எழுதியது. அந்தக் காலத்துப் புத்தி அதில் இருக்கிறது. அவ்வளவுதான்.

சரி, ஹிப்போகிரட்டீஸ் சபதம் மட்டும் யோக்கியமா? அதுவும் அப்பல்லோ முதலான கிரேக்கக் கடவுள்களின் மேல் ஆணையிட்டுத்தான் துவங்குகிறது. சமஸ்கிருதச் சாமி வேண்டாம், கிரேக்கச் சாமி வேண்டும் என்பதா நம் கட்சி? அல்ல. 1948-ல் ஜினிவாவில் உலக மருத்துவச் சங்கத்தார் சாமி பேரில்லாமல், மதம், இனம், கட்சி, அந்தஸ்து எதுவும் நோயாளிக்கும் நமக்கும் நடுவில் வரக்கூடாது என்று ஒரு உறுதிமொழி எழுதினார்கள். அது இவைகளைவிட மேலானது. ஆனால் அதையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தால் பிரயோசனம் என்ன? அன்று மதுரையில் ரகளை எல்லாம் எந்தச் சபதம் என்பதைப் பற்றித்தான் நடந்தது. கையை நீட்டி வாசிக்கச் சொன்னபோது, "இதில் என்ன எழுதியிருக்கிறது? இதன் அர்த்தம் எனக்குச் சம்மதந்தானா?" என்று கேட்க அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரமாவது கொடுக்கப்பட்டதா என்பதுதான் நம் கேள்வி.

நீதிபோதனை வகுப்பு வைத்துவிட்டால் போதும் என்பாரும் உண்டு. ஜெர்மனியைப் பாருங்கள். ஹிட்லர் காலத்து ஜெர்மனி வைத்திய சாஸ்திரத்தில் உலகத்துக்கே முன்னால் நின்ற நாடுகளில் ஒன்று. அங்கே 1939 முதல் டாக்டர் கடமை என்பது மருத்துவக் கல்லூரிகளில் கட்டாயப் பாடமாகவே இருந்தது. அந்த நாட்டு டாக்டர்கள்தான் சிறைப்பட்ட மனிதர்களை ஐஸ் தண்ணீரில் அமுக்கியும், கிருமியை ஏற்றியும் பரிசோதனை செய்தார்கள். நியூரம்பெர்க்கில் 1946-47-ல் நடந்த வழக்கில் கூண்டில் நின்ற 23 பேரில் 20 பேர் டாக்டர்கள்! நீதிப்பாடம் இல்லாமலா கெட்டார்கள்? பாடம் இருந்தது. அந்தப் பாடமே, சில மனிதர் உயர்ந்தவர், சில மனிதர் வாழத் தகுதியற்றவர் என்று சொல்லிக்கொடுத்தது. மேலே இருந்து ஒருவன் சொல்ல, கீழே இருந்து மற்றவன் எழுதிக்கொண்டான். குறுக்கே கேட்க ஆள் இல்லை. ஆகையினால் தோழர்களே, சபதமும் போதாது, உபதேசமும் போதாது. எதிர்க்கேள்வி கேட்கிற உரிமையோடு கூடிய பேச்சு வேண்டும்.

நடக்கிற இடங்கள்

இது ஏதோ நாம் இன்றைக்குக் கனவு கண்டு சொல்லுவதல்ல. ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோவில் வைத்திய மாணவர்கள் 1737-லேயே தங்களுக்குள் சங்கம் வைத்துத் தர்க்கம் செய்தார்கள். அதே ஊருக்கு 1825-ல் டாக்டருக்குப் படிக்க வந்த ஒரு பையன், மயக்க மருந்தில்லாமல் ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் செய்ததைப் பார்க்கச் சகியாமல் ஓடிவிட்டான். அவனுக்கு வகுப்பில் கிடைக்காதது பிளினியன் சங்கம் என்கிற மாணவர் சங்கத்தில் கிடைத்தது. 1827 மார்ச்சில் அங்கே அவன் தன் முதல் ஆராய்ச்சியைச் சொன்னான். அதே கூட்டத்தில் பிரௌன் என்ற இன்னொரு மாணவன், "மனம் என்பது தனியாக ஒன்றல்ல, மூளையின் வேலைதான்" என்று பேசினான். பெரிய வாதம் கிளம்பி, அவன் பேச்சைக் குறிப்புப் புத்தகத்திலிருந்தே அடித்துவிட்டார்கள். அடித்தவர்கள் பேர் இன்று யாருக்கும் தெரியாது. அந்தப் பிரௌன் பின்னாளில் மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டாமல் மனிதராக நடத்தப் பாடுபட்ட டாக்டர் ஆனார். ஓடிப்போன பையன் பேர் சார்லஸ் டார்வின். ஒரு மாணவர் பேச்சுக் கூட்டம் என்ன செய்யும் என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற ஊரில், பென்சில்வேனியா மாகாணப் பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரியில் 1967-லேயே இந்த மனிதப் பாடங்களுக்கு என்று தனி இலாகா வைத்தார்கள். நம் நாட்டில் டெல்லி யுனிவர்சிட்டி மருத்துவ அறிவியல் கல்லூரியில் ஆசிரியர்களும் மாணவர்களும் 2009-ல் இதற்கென்றே ஒரு குழு ஏற்படுத்தினார்கள். 2011-ல் அங்கே ஒரு புதுமாதிரி நாடகப் பயிற்சி நடத்தினார்கள். பிரேசில் தேசத்து அகஸ்தோ போவால் என்பவர் உண்டாக்கின முறை அது. அதில் ஒரு டாக்டர் நோயாளியை விரட்டுகிற காட்சியை நடிக்கிறார்கள் என்று வையுங்கள். நடுவில் நிறுத்தி, "பார்த்துக்கொண்டிருக்கிறவர்களே, இந்த இடத்தில் நீங்களாயிருந்தால் என்ன செய்வீர்கள்? மேடைக்கு வந்து செய்து காட்டுங்கள்" என்கிறார்கள். பார்த்தவன் எழுந்து போய்க் கதையை மாற்றுகிறான்! நாடகத்தால் ஊரைத் திருத்தலாம் என்று நம் நாட்டில் செய்து காட்டியவர்களை நீங்கள் அறிவீர்கள். இங்கே பார்க்கிறவனே நடிகன் ஆகிறான். அந்தக் குழுவில் முன்னின்றவர்களில் ஒருவரான டாக்டர் சதேந்திர சிங், குழந்தையிலேயே போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர். மாற்றுத்திறனாளியை எப்படி நடத்த வேண்டும் என்பதை டாக்டர் படிப்பிலேயே சேர்க்க வேண்டும் என்று விடாமல் போராடுகிறவர்.

சர்க்காரும் கொஞ்சம் அசைந்திருக்கிறது. 2019-ல் சேர்ந்த மாணவர்கள் முதல், நடத்தை, அறநெறி, பேச்சுமுறை ஆகியவைகளைப் பற்றி 27 பாடப்பகுதிகள் டாக்டர் படிப்பில் வந்திருக்கின்றன. ஆனால் கல்லூரியில் வருகைப் பதிவுக்காக நடத்தினால் அது நீதிபோதனையாகத்தான் முடியும். மாணவர்களே எடுத்து நடத்தினால்தான் அதற்கு உயிர் வரும்.

எப்படி நடத்துவது?

பெரிய செலவில்லை. பத்துப் பதினைந்து பேர், ஒரு மரத்தடி, வாரத்தில் ஒரு மணி நேரம். தலைவர் நாற்காலி வேண்டாம். பெரியவர் முதலில் பேசினால் சிறியவன் வாயடைத்துப் போவான். ஆகையால் கடைசி வருஷத்தான் கடைசியில் பேசட்டும், முதல் வருஷத்துப் பெண் முதலில் பேசட்டும். நர்சம்மாளையும், ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைக்கிற தொழிலாளியையும், குணமாகி வீட்டுக்குப் போகிற நோயாளியையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "எங்களிடத்தில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?" என்று கேட்கட்டும். மாணவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் தெரிவது வேறெங்கும் தெரியாது.

ஒரு வாரம் ஒரு கதையை எடுத்துக்கொள்ளலாம். ருஷிய தேசத்துச் செகாவ் தாமே டாக்டர். 1892-ல் "ஆறாம் எண் வார்டு" என்று ஒரு கதை எழுதினார். அதில் ஒரு ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர், மனநோயாளிகள் அடிபட்டு அழுக்கில் கிடப்பதைக் கண்டும், "கஷ்டம் என்பது மனதைப் பொறுத்தது, ஞானிக்கு எல்லாம் ஒன்றே" என்று வேதாந்தம் பேசிக்கொண்டு வீட்டில் புத்தகம் படிக்கிறார். கடைசியில் அவரையே பைத்தியம் என்று அதே அறையில் பூட்டிவிடுகிறார்கள். காவல்காரன் முதல் குத்துவிட்டவுடன் வேதாந்தம் பறந்துவிடுகிறது! இந்தக் கதையைப் படித்துவிட்டு, "நம் ஆஸ்பத்திரியில் இந்த டாக்டர் யார்? நாமேதானா?" என்று பேசினால் போதும். விதி என்றும் கர்மம் என்றும் சொல்லி, பிறத்தியார் துன்பத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற நம் நாட்டுப் புத்தி எல்லாம் அதில் அடங்கிவிடும்.

ஆட்சேபணைகள்

"நேரமில்லை" என்பார்கள். கைப்பேசிக்கு நேரமிருக்கிறது, பேச நேரமில்லையா? "பரீட்சையில் மார்க்கு வராதே" என்பார்கள். மார்க்கு வராததனாலேயே அதில் பயமில்லாமல் உண்மை பேசலாம். "இரக்கம் என்பது பிறவிக்குணம், சொல்லித்தர முடியாது" என்பார்கள். இந்தப் பிறவிக்குணப் பேச்சைத்தான் சாதிக்காரனும் சொல்லுகிறான்! இரக்கம் வருகிறதோ இல்லையோ, கேட்கப் பழகலாம், பழக்கம் குணமாகும்.

"இப்படிப் பேசவிட்டால் அரசியல் வந்துவிடும்" என்பதுதான் பெரிய ஆட்சேபணை. வரட்டுமே! டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறினவர். அவர் நாடி பிடித்துப் பீஸ் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? அவர் சட்டசபைக்குப் போய்த் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1947-ல் அது சட்டமாயிற்று. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி வரக் காரணமானார். சமூகத்தைப் பார்த்த டாக்டர் செய்த காரியம் இது. நோயின் வேர் வீதியில் இருந்தால், டாக்டர் வீதிக்கு வரத்தான் வேண்டும்.

நம்முடைய கடமை

கடைசியாக, தோழர்களே, எல்லாவற்றையும் டாக்டர் தலையில் போட்டுவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. நாம் டாக்டரைச் சாமி என்று காலில் விழுகிறோம். நோயாளி செத்துவிட்டால் அதே சாமியை அடிக்கக் கை ஓங்குகிறோம். இரண்டும் மூடத்தனம். அவரும் நம்மைப் போல் பசியும் தூக்கமும் உள்ள மனிதர். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனா நோயால் மாண்ட ஒரு டாக்டரின் உடலைப் புதைக்கவிடாமல் கூட்டம் கூடிக் கல்லால் அடித்ததும், கூட வேலை செய்த டாக்டர் நடுராத்திரியில் தன் கையால் குழி மூடினதும் நம் நாட்டில்தான் நடந்தது. டாக்டர் மனிதனைப் படிக்க வேண்டும் என்று கேட்கிற நாம் டாக்டரை மனிதனாகப் பார்த்தோமா?

1836-ல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா என்பவர் சாதிக்கட்டை மீறிப் பிணத்தை அறுத்துப் படித்தார். அன்றைக்கு அது பெரிய புரட்சி. இன்றைக்குப் புது மாணவர்களிடம், உங்கள் முதல் ஆசிரியர் அந்த உயிரற்ற உடல்தான் என்று சொல்லி, அதைப் பற்றிப் பேசவே ஒரு பாடப்பகுதி வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் அந்த உடல் எங்கிருந்து வரும்? வானத்திலிருந்தா வரும்? தகனத்துக்கும் திதிக்கும் ஐயருக்கும் செலவு செய்கிற நாம், நம் உடலை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் செத்த பிறகும் வாத்தியார் ஆவோமே!

ஆகவே, தாய் தகப்பன்மார்களே! உங்கள் பிள்ளை லீவுக்கு வந்து, "அப்பா, எங்கள் கல்லூரியில் இந்த வாரம் ஒரு கதையைப் பற்றிப் பேசினோம்" என்று சொன்னால், "அது எதற்கு?" என்று கேட்காதீர்கள். "என்ன பேசினீர்கள்?" என்று கேளுங்கள். தொக்கம் என்றால் என்ன என்று கல்லூரியில் சொன்னாயா என்று கேளுங்கள். கூலிக்காரன் மகளாகப் போனவள் கூலிக்காரியின் பேச்சு புரிகிற டாக்டராகத் திரும்பி வர வேண்டும். கூலிக்காரியைக் கண்டு முகம் சுளிக்கிற டாக்டராக அல்ல.

நாம் சொன்னோம் என்பதற்காக இதை ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் பகுத்தறிவைக் கொண்டு யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் செய்யுங்கள். தப்பென்று பட்டால் எழுந்து கேளுங்கள், பதில் சொல்லக் காத்திருக்கிறோம்.